நர்ஸம்மா காரில் கரண்ட் எங்கே போகிறது?

இஞ்சின் கோளாறு சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிடும்; கரண்ட் கோளாறோ நாம் தேடிக்கொண்டு போகிற நேரத்தில் மட்டும் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பழைய கார் வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வளைவில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். கடைசியில் மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பினால் வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகியிருக்கும். அந்த அவமானம் எனக்கும் தெரியும், ஏனென்றால் அப்படி வந்து சாவியைத் திருப்புகிற ஆள் நான்தான்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கிலிருந்து ஏரிக்கு இறங்கும் வழியில் ஒரு தகரக் கொட்டகை எங்களுடையது. என் வீட்டுக்காரர் பழனிக்கு இஞ்சின், எனக்கு ஒயரிங். கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் மோட்டார் காயில் சுற்றும் வேலையில் இருந்தேன். செம்புக் கம்பியோடு பழகிய விரல் வேறு வேலைக்கு இறங்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் என்னிடமே வந்து "எலக்ட்ரீஷியன் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "டீ குடிக்கப் போயிருக்கார்" என்று சொல்லிவிட்டு நானே பானெட்டைத் திறப்பேன்.

இங்கே சொல்வதெல்லாம் ஒரே ஒரு காரைப் பற்றியது. மற்ற கார்களுக்கும் கோளாறு வரும், சரி செய்வேன், மறந்துவிடுவேன். இந்தக் கார் மறக்க விடவில்லை.

முள் சொன்ன பொய்

அன்று மேகம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. எதிரில் இருக்கும் டீக்கடை தெரியவில்லை, டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து இரண்டு மங்கலான மஞ்சள் வட்டங்கள் மெதுவாக வந்தன. பிறகு ஒரு வட்ட மூக்கு. பிறகு முழுசாக ஒரு பழைய காலத்து அம்பாசடர். அதிலிருந்து இறங்கியவர் கமலம். மஞ்சக்குட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் நர்ஸம்மா. எஸ்டேட் கைமாறியபோது யாரும் சீந்தாமல் கிடந்த காரைத் தானே எடுத்துக்கொண்டு, ஓட்டவும் கற்றுக்கொண்டவர். புருஷன் இல்லை. ஒரே மகன் சென்னையில்.

"புது பேட்டரி போட்டும் வண்டி சோந்து போகுது கண்ணு" என்றார். திறந்து பார்த்தேன். இந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ப்பார்கள். அந்தக் காலத்து இந்த வண்டியில் பிளஸ் முனைதான் உடம்பில் சேர வேண்டும். கீழே சேலத்தில் யாரோ புதுப் பழக்கத்தில் மாற்றி மாட்டிவிட்டிருந்தார்கள். அதனால் டேஷ்போர்டில் இருக்கும் ஆம்ப் முள் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டியது. லைட்டைப் போட்டால் கரண்ட் செலவாக வேண்டும், முள்ளோ கரண்ட் ஏறுவதாகச் சொன்னது. நர்ஸம்மா அதை நம்பி, பேட்டரி ஏறட்டும் என்று பட்டப்பகலில் எல்லாம் லைட்டைப் போட்டுக்கொண்டே மலை முழுக்கச் சுற்றியிருக்கிறார். எப்போதும் மேகமாக இருக்கும் ஊரில் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

பேட்டரியைத் திருப்பி மாட்டி, பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் டைனமோவுக்கும் திசையைச் சொல்லிக் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் கதவு மாதிரி திறந்து மூடும் கட்-அவுட்டில் கருகிப் போயிருந்த முனைகளைத் தேய்த்து விட்டேன். முள் நேராகப் பேச ஆரம்பித்தது. நான் விளக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு நர்ஸம்மா சொன்னார்: "அப்ப உள்ள காலியாகறப்ப வெளிய நல்லா இருக்கறேன்னு காட்டியிருக்குது. என்ற பையன் போன்ல பேசற மாதிரியேதான்."

வாய் விட்ட வார்த்தை

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகன் பிரபு வந்திருந்தான். அம்மாவை உட்கார வைத்து அவன்தான் ஓட்டியிருக்கிறான். சேலத்துக்கு இறங்கும் ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவில், மழை, வைப்பர், லைட் எல்லாம் ஒன்று சேர்ந்த நேரத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் சுற்றுலா வேன்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்திருக்கின்றன. நானும் பழனியும் போய்ச் சேர்ந்தபோது பிரபு முழுசாக நனைந்து, கைக்குட்டையை ஆட்டி வண்டிகளை ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தான். டைனமோவின் கார்பன் தேய்ந்து போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் காருக்குள்ளே பெரிய பேச்சு நடந்து முடிந்திருந்தது.

மறுநாள் கார்பன் மாற்றும்போது நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும். இன்னொரு தடவை வண்டி ரோட்டில் நின்றால் சாவியைக் கொடுத்துவிட்டு தன்னோடு சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று மகன் கேட்டிருக்கிறான். கோபத்தில் இவரும் சரி என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படிப்பட்டவர். எனக்கு ஸ்பேனர் கையிலேயே நின்றுவிட்டது. பொழுதோடு கடைசி பஸ் போன பிறகு மஞ்சக்குட்டைப் பக்கத்தில் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் யாருக்காவது பிரசவ வலி எடுத்தால், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், இந்தக் கார்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடும். ஊசி போடும் வேலை முடிந்த பிறகும் அவருக்கு ஊரில் ஒரு வேலை இருக்கிறது என்றால் அது இந்தக் காரால்தான். இனி அந்த வண்டி ரோட்டில் நிற்காமல் பார்த்துக்கொள்வது என் தலையில் விழுந்தது.

சென்னை அவ்வளவு மோசமா என்று கேட்டேன். கொட்டகை வாசலில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னார்: "அவன் ஊடு நொம்ப ஒசரத்துல இருக்குது கண்ணு. மேகமெல்லாம் சன்னலுக்குக் கீழ போகுமாமா. இங்கயும் கீழதான் போகுது, ஆனா செருப்பு மாட்டிக்கிட்டுப் போனாத் தொட்டுடலாம்."

ரோடு எங்கே ஆரம்பிக்கிறது?

இந்த மலையில் கார்களுக்கு வரும் முதல் வியாதி மேகம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்துவிடும். பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட், ஈரத்தின் மேல் ஏறி வேறு பக்கம் போய்விடும். ஐப்பசியில் ஒரு காலை நர்ஸம்மாவின் போன். "வண்டி நின்னுருச்சு. ஆனா ஊட்டு கேட்டுக்குக் கிட்டத்தான்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

நாங்கள் போனபோது காரின் முன் சக்கரங்கள் கேட்டைத் தாண்டி ரோட்டில் இருந்தன. பின் சக்கரங்கள் வீட்டு மண்ணில் இருந்தன. சில்வர் ஓக் மரங்களின் உச்சி தெரியவில்லை, இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் கார் கூரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை. நர்ஸம்மா முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பழனியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முன்னால் போய்த் தோள் கொடுத்து, காரைக் கேட்டுக்குள் தள்ளிவிட்டோம். பிறகுதான் பானெட்டைத் திறந்தோம்.

மூடியைக் கழற்றி நர்ஸம்மாவின் அடுப்பங்கரைக்கு எடுத்துக்கொண்டு போனேன். காபி கொதிக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில், அடுப்புச் சூடு படும் தூரத்தில், அதைக் கவிழ்த்து வைத்தேன். காபியும் தயார், மூடியும் காய்ந்துவிட்டது. வண்டி ஒரே திருப்பில் எடுத்துக்கொண்டது. ஆனாலும் நர்ஸம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. சொன்ன வார்த்தைக்கு இது சேருமா சேராதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பழனி தீர்ப்புச் சொன்னார்: "முன்னாடி பாதிதான் ரோட்டுல இருந்துச்சுங்க. இஞ்சின் அங்க இருந்தாலும் பேட்டரி உங்க எடத்துலதான் இருந்ததுன்னு நெனச்சுக்கோங்க."

(பேட்டரியும் முன்னால்தான் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.)

சாமை மூட்டை

கரடியூர் விவசாயி ஒருவர், தன் மனைவிக்கு நர்ஸம்மா செய்த உதவிக்காக ஒரு மூட்டை சாமையைக் கொண்டுவந்து காரின் டிக்கியில் வைத்துவிட்டுப் போனார். நர்ஸம்மாவுக்கு முதுகு வலி. அப்புறம் இறக்கலாம் என்று விட்டுவிட்டார். மூட்டைக்கு எலி வந்தது. எலிக்கு வீடு வேண்டுமல்லவா? டேஷ்போர்டுக்குப் பின்னால் காபித் தோலும் பஞ்சும் வைத்துக் கட்டிக்கொண்டது. கட்டும்போது வழியில் இருந்த துணி சுற்றிய ஒயர்களைக் கடித்து ஒதுக்கிவிட்டது.

பிரேக்கை மிதித்தால் உள்விளக்கு எரிந்தது. இன்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஒரு தரம் தலையசைத்து நின்றது. நான் சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தபோது, சாமை மணிகள் என் முகத்தில் மெல்ல உதிர்ந்தன. வெளியே தூறல். உள்ளே தானிய வாசனையும் பழைய துணி வாசனையும். அப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது. பாதி நாள் போனது தெரியவில்லை. கடிபட்ட ஒவ்வொரு ஒயரையும் நிறம் பார்த்துச் சேர்த்து முடித்தேன்.

சேதி கேட்டுக் கரடியூர்க்காரர் பதறிப்போய் வந்தார். எலிக்கூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார், ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு நல்ல மனசோடு சொன்னார்: "எங்க காட்டுல சாரப்பாம்பு கெடக்குதுங்க, எலிய அது பாத்துக்கும். ஒண்ணப் புடிச்சாந்து டிக்கியில வுடட்டுங்களா?"

இடது பக்கம் திரும்பினால்

காபி பூத்திருந்த சமயம். மலை முழுக்க மல்லிகை போல ஒரு வாசனை அடித்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மா காரின் ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்தது. எல்லா நேரமும் இல்லை, இடது பக்கம் திரும்பும்போது மட்டும். மலை ரோட்டில் இடது வளைவுக்குப் பஞ்சமா? எதிரே வந்த பஸ் டிரைவர்கள் எல்லாம் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, நர்ஸம்மாவுக்குக் கும்பிடு போட்டிருக்கிறார்கள். வளைவுக்கு வளைவு முறையாக ஹாரன் அடித்துத் திரும்பும் ஆளை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

ஹாரன் பட்டனைக் கழற்றினேன், ரிலேயை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பழனியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு சுருண்டு உட்கார்ந்தேன். ஏரியைச் சுற்றிக்கொண்டு போனோம். இடது வளைவு வந்தது. இருட்டுக்குள் ஏதோ ஒன்று மினுக்கென்று ஊஞ்சலாடியது, ஹாரன் அலறியது. எட்டிப் பிடித்தேன். ஒரு செப்புத் தகடு. எலிக்குப் பிறகு வண்டிக்குக் காவலாக இருக்கட்டும் என்று நர்ஸம்மா கோயிலில் மந்திரித்து வாங்கி, யார் கண்ணும் படாத இடத்தில் கட்டச் சொன்னார்கள் என்று, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த இரும்பில் கட்டியிருக்கிறார். அதுவும் செப்புக் கம்பியால். ஹாரன் ஒயரின் முனை பக்கத்திலேயே திறந்து கிடந்தது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது தகடு வலப்பக்கம் ஆடி அதைத் தொட்டுவிடும்.

தகட்டை எடுத்துவிடலாம் என்றால் நர்ஸம்மாவுக்கு மனசில்லை. எனக்கும் இல்லை. கறுப்பு டேப் சுற்றலாம் என்றேன். சாமி சமாசாரத்துக்குக் கறுப்பா என்று முகம் சுளித்தார். காயில் சுற்றும் காலத்தில் வாங்கி வைத்திருந்த, கரண்ட் கடத்தாத மஞ்சள் குழாய் ஒன்று இருந்தது. தகட்டை அதற்குள் செருகி, மஞ்சள் கயிற்றால் அதே இடத்தில் கட்டினேன். ஹாரன் அடங்கியது. நர்ஸம்மா எட்டிப் பார்த்துவிட்டு, திருப்தியாக, ஆனால் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார்: "நல்லதுதான் கண்ணு. ஆனா இனிமே அந்த பஸ்காரங்க கும்பிட மாட்டாங்க."

திங்கட்கிழமைக் கோளாறு

இப்போது நிஜமான கோளாறுக்கு வருகிறேன். இதைப் பற்றித் தூக்கத்தில்கூட யோசித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலைகளில் நர்ஸம்மா போன் செய்வார். "வண்டி சுத்துது, ஆனா எடுக்க மாட்டேங்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போ கண்ணு." நான் ஜீப் பிடித்து மஞ்சக்குட்டைக்குப் போவேன். போனதும் அவர் காருக்குள் துணியை எடுத்துக்கொண்டு போய்த் துடைத்து வைப்பார், எனக்குக் காபி கொடுப்பார். வாசலில் உட்கார்ந்து பேசுவோம். லைனில் யாருக்குக் குழந்தை பிறந்தது, மிளகு எப்படிக் காய்த்திருக்கிறது, அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்த கதை. மேகம் எங்களைக் கடந்து காபிச் செடிகளுக்குள் இறங்கிப் போகும். பிறகு நான் போய்ச் சாவியைத் திருப்புவேன். வண்டி உடனே எடுத்துவிடும். காயில், பாயின்ட், கண்டன்சர் என்று பிளக்குக்குப் பொறி அனுப்பும் எல்லாவற்றையும் சோதித்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. எல்லாத் திங்கட்கிழமையும் இப்படி இல்லை. மகன் வந்துபோன வாரங்களில் மட்டும்தான்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் தெரியாத கோளாறு எந்த நிமிஷமும் ரோட்டில் வந்து நிற்கும். நின்றால் நர்ஸம்மாவின் வீட்டுக்குப் பூட்டு. ஒரு நாள் சாப்பிடும்போது இதையே பேசிக்கொண்டிருந்தேன். பழனி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "கார்ல ஒண்ணுமில்ல. காபிய நிறுத்திப் பாரு, சரியாப் போயிரும்."

கோயில் மேட்டில்

மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழா. பிரபு வந்து, அம்மாவைத் தானே காரில் கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். நர்ஸம்மா என்னையும் வரச் சொன்னார். மகனுக்கு நான் கூட வருகிற ஒறம்பரை, சொந்தக்காரி மாதிரி. நர்ஸம்மாவுக்கு நான் ஸ்டெப்னி மாதிரி. பின் சீட்டில், கரண்ட் வருகிற இடத்தில் வைத்தால் எரியும் டெஸ்ட் லாம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போகும்போது வண்டி வெண்ணெய் போல ஓடியது. மேலே மரங்கள் முடிந்து புல்வெளி வந்ததும் மேகமும் திருவிழாக் கூட்டமும் ஒன்றாகக் கலந்திருந்தன. பலூன்கள் நூல் தெரியாமல் தனியே மிதந்தன. மேளச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. குனிந்து குகைக் கோயிலுக்குள் போய்ச் சாமியைக் கும்பிட்டோம். நான் காருக்காக மட்டும்தான் வேண்டிக்கொண்டேன்.

திரும்பும்போது, கூட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும், வண்டி பட்டென்று அணைந்தது. இருமவில்லை, திணறவில்லை. நடு ரோடு. சந்தேகமே இல்லாத தார் ரோடு. நர்ஸம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்கதவைத் திறந்தேன். இறங்கி டெஸ்ட் லாம்பைக் காயிலில் வைத்தேன், எரியவில்லை. சாவி சுவிட்சில் வைத்தேன், எரிந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கரண்ட் நிற்கிறது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அதில் ஒன்று கட்டிலிருந்து பிரிந்து, தரை விரிப்புக்கு அடியில் புகுந்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே போனது. இத்தனை நாளில் நான் தொடாத ஒயர் அது ஒன்றுதான். "கொஞ்சம் எறங்குங்க தம்பி" என்றேன். பிரபு உடனே இறங்கவில்லை, தயங்கித்தான் இறங்கினான். நான் கையை விட்டுத் தடவினேன். ஒரு சின்ன சுவிட்ச். அந்தக் கால டிரைவர்கள் திருட்டுக்குப் பயந்து வைக்கும் ரகசிய சுவிட்ச். ஆஃப் ஆகியிருந்தது. சீட்டுக்கடியில் எல்லாம் தூசி மண்டியிருக்க, அது மட்டும் பளபளவென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பிரபுவின் முகத்தில் ரத்தமே இல்லை.

அவன் மானத்தைக் காப்பாற்றும் அவசரத்தில், யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "ஒயர் லூசுங்க, சரி பண்ணிட்டேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஒயர் லூஸ் என்றால் கோளாறு. கோளாறில் ரோட்டில் நின்றால் பேச்சு முடிந்தது. நர்ஸம்மா கையை நீட்டிச் சாவியை உருவினார். மகனிடம் நீட்டினார். "நின்னுருச்சு சாமி. ஊட்டுக்குப் போயித் துணிமணி எடுத்து வெக்கறேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிரபு சாவியை வாங்கவில்லை. "அக்கா சொல்றது பொய்ம்மா. நாந்தான் ஆஃப் பண்ணினேன்" என்றான். பிறகு மளமளவென்று கொட்டினான். மழையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு அம்மா மலை இறங்கிய அன்று, போன் கிடைக்காமல் அவன் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. மேகம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவன் அம்மாவுக்குப் போன் அடிப்பது. வண்டி இல்லாவிட்டால் அம்மா பத்திரமாக இருப்பாள் என்று தோன்றியது. நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டார், முந்தானையால் அவன் முகத்துத் தண்ணீரைத் துடைத்தார். அது மேகமா வேறா என்று நான் பார்க்கவில்லை. பிறகு சொன்னார்: "தெரியுஞ் சாமி. ஒவ்வொருக்காவும் ஊருக்குக் கெளம்பறப்ப அதை ஆஃப் பண்ணிட்டுத்தான் போற. உன்ற மனசு ஆறட்டும்னு நானும் மறுநா வரைக்கும் அதத் தொடறதில்ல."

பக்கத்து சீட்

சாவி இன்னும் நர்ஸம்மாவின் கையில்தான் இருந்தது. அப்போதுதான் நான் ஒன்றைக் கேட்டேன், சும்மாதான் கேட்டேன். "அம்மா ஓட்டிப் பாத்திருக்கீங்களா தம்பி?" பிரபு விழித்தான். பார்த்ததே இல்லை. வரும்போதெல்லாம் ஸ்டியரிங்கை அவனே பிடித்துக்கொள்வான். சென்னையில் உட்கார்ந்து அவன் பயந்ததெல்லாம் அவனாக மனதுக்குள் ஓட்டிய ஓட்டத்தைத்தான். காரைச் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்தான். நர்ஸம்மா புடவையைச் செருகிக்கொண்டு, அந்தக் காலத்து நீளமான முன் சீட்டில் அப்படியே ஸ்டியரிங்குக்கு நகர்ந்தார்.

அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கண் சொக்குகிறது. மேகம் அப்படி இறங்கியிருந்தது. பானெட்டின் மூக்கு தெரியும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நர்ஸம்மா கண்ணாடியை இறக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு ஓட்டினார். எதிரே வண்டி வரும் முன்னே ஒதுங்கினார். வளைவு கண்ணுக்குத் தெரியும் முன்னே கியரைக் குறைத்தார். அவசரமே இல்லை. உடம்பு சரியில்லாதவரை ஏற்றிக்கொண்டு போகிறவரின் பழக்கம் அது, ஒரு குலுக்கல் கிடையாது. பிரபு முதலில் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். ஒண்டிக்கடையைத் தாண்டும்போது பார்த்தேன், கை மடியில் இருந்தது. மஞ்சக்குட்டை போவதற்குள் தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் கண்ணைத் திறந்தான். தூங்கியதை மறைக்க வேண்டுமே, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "வளைவுல எல்லாம் கிளட்ச் மேல காலை வெச்சே ஓட்டறீங்கம்மா, அது தப்பு" என்றான். நர்ஸம்மா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: "அடுத்த வாரம் வந்து பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடு சாமி."

ஒரு சந்தேகம்

பிரபு இப்போது அடிக்கடி வருகிறான், பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்கிறான், கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறான். நர்ஸம்மா துணியோடு காருக்குள் போய்த் துடைத்ததெல்லாம் அந்தச் சுவிட்சைப் போடத்தான் என்பது புரிந்துவிட்டது. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. சுவிட்ச் இருப்பது தெரிந்தும் அந்தத் திங்கட்கிழமைகளில் என்னை ஏன் அவ்வளவு தூரம் வரவழைத்தார்? காயில் கழற்றி, கண்டன்சர் மாற்றி, நான் பட்ட பாடு எவ்வளவு! கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். நர்ஸம்மா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "பையன் போன மறுநா ஊடு நொம்பப் பெருசா இருக்கும் கண்ணு. சும்மா வந்துட்டுப் போன்னா நீ வேலைய வுட்டுட்டு வருவியா?"

இன்றைக்கு அந்தக் காரில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது, பின்பக்க நம்பர் பிளேட் விளக்கைத் தவிர; அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று நர்ஸம்மாவுக்கும் தெரியும், இருந்தாலும் திங்கட்கிழமைதோறும் அதைப் பற்றி நாங்கள் இருவரும் காபி குடித்துக்கொண்டே தீவிரமாக யோசித்து வருகிறோம்.